வாரத்துக்கு மூன்று அரைநாள்

ஜூன் 12. மேட்டூரில் மதகைத் திறந்து பூத்தூவுவார்கள். பூ அங்கேயே வாடிவிடும். தண்ணீர் கல்லணையைத் தாண்டி, பேராவூரணிக் கடைமடைக்கு வந்தால் அந்த வருஷம் அதிர்ஷ்டம். டெல்டாக்காரனுக்கு இது பழகிப்போன ஏமாற்றம். அதனால்தானோ என்னவோ, பள்ளிக்கூடத்துத் திட்டங்களையும் இதே பாசன முறையில் அனுப்புகிறார்கள். திறப்பு விழா சென்னையில். வறண்ட வாய்க்கால் நம்மூரில்.

உங்கள் பிள்ளையின் கால அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஓவியம் இருக்கும். உடற்கல்வி இருக்கும். அரசுப் பள்ளியானால் தையல், இசை, தோட்டக்கலைகூட இருக்கலாம். தமிழில் இதைவிட நல்ல கற்பனை இலக்கியம் சமீபத்தில் வரவில்லை.

இந்தப் பாடங்களுக்காக 2012இல் ஜெயலலிதா அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை. வாரத்துக்கு மூன்று அரைநாள். மாதம் 5,000 ரூபாய். ‘வாழ்வியல் திறன்’ என்றும் அதில் ஒரு பாடம் வைத்தார்கள். பொருத்தம்தான். ஐயாயிரத்தில் குடும்பம் நடத்துகிறவரைவிட அதைச் சொல்லித்தரத் தகுதியானவர் யார்?

மே மாதம் சம்பளம் கிடையாது என்றார்கள். பள்ளி விடுமுறையாம். மளிகைக்கடைக்காரருக்கு அந்த விடுமுறை அறிவிப்பின் நகல் போய்ச் சேரவே இல்லை.

2021 தேர்தல் வந்தது. திமுக அறிக்கையில் 181ஆவது வாக்குறுதி: பணி நிரந்தரம். ஆட்சி வந்தது. சம்பா அறுவடைகள் வந்துபோயின. முந்தைய ஆட்சியிலேயே பத்தாயிரமாகியிருந்த சம்பளம், 2024 ஜனவரியில் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறானது. நிரந்தரமானது 181 என்ற எண் மட்டும். பொறுக்கமுடியாமல் ஆசிரியர்கள் சென்னைக்குப் போய், பள்ளிக்கல்வி இயக்ககம் இருக்கும் டி.பி.ஐ. வளாகத்தில் உட்கார்ந்தார்கள். அந்த வளாகத்துக்குப் பேராசிரியர் அன்பழகன் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரை மாற்ற ஒரு கையெழுத்து போதும். ஆசிரியரின் நிலையை மாற்றத்தான் குழு வேண்டும், ஆய்வு வேண்டும், நிதித்துறையின் ஒப்புதல் வேண்டும். உட்கார்ந்தவர்களை வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் இறக்கினார்கள். அரசாங்கம் ஆசிரியருக்குச் செய்யும் ஒரே மண்டபச் செலவு அது.

அரைநாள் வேலைக்கு எவ்வளவுதான் கொடுப்பது என்று அதிகாரிகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மறுபக்கத்தையும் கேட்கவேண்டும். அரைநாளைத்தான் ஒதுக்குவோம் என்று முடிவுசெய்தது யார்? ஒரு பிள்ளையின் கைக்கும் காலுக்கும் குரலுக்கும் வாரத்தில் மூன்று அரைநாள் போதும் என்று அளந்தது எந்த மரக்கால்? அந்த அரைநாளிலும் கணினி ஆசிரியரை எமிஸ் என்ற இணையத் தகவல் பதிவில் உட்காரவைப்பதும், பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்குவதும் ஊரறிந்த சங்கதி. 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. ஜெயித்தால் கலையரசன், கலையரசி பட்டம். மேடை முழுநேரம். கற்றுக்கொடுப்பவர் பகுதிநேரம்.

இனி மேல்நிலைக்கு வருவோம். 1978இல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. வேளாண்மை அதில் ஒன்று. பிறகு பல பள்ளிகளில் ஆசிரியர் ஓய்வுபெற்றார். கூடவே அந்தப் பிரிவும் ஓய்வுபெற்றது. அதற்கு மட்டும் பணப்பலன் கிடையாது. 2020இல் இதே தஞ்சாவூரையும் திருவாரூரையும் நாகையையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டார்கள். ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் நூறு வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது. மண்ணுக்குப் பாதுகாப்பு உண்டு. விதைக்கு ஆராய்ச்சி உண்டு. அந்த மண்ணில் இறங்கப்போகும் பிள்ளைக்குத்தான் பாடம் எடுக்க ஆள் இல்லை.

ஆளில்லாத வயலில் களை முளைக்கும். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, நாள்கணக்கில் தார்ப்பாய்க்குக் காவல் இருந்து வாங்கிய பணத்தை, நம்ம ஊர் அப்பா நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்க் கட்டினார். பிராய்லர் பள்ளி என்று ஊரே சொன்னது. ஊரே கட்டியது. பதினொன்றாம் வகுப்பைத் தொடாமல், இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் பாடத்தையே திணித்தார்கள். அதைத் தடுக்க 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை வந்தது. பிளஸ் ஒன் பொதுத்தேர்வு போனது. பிள்ளைகளின் மன அழுத்தத்தைக் குறைக்கவாம். எந்தப் பண்ணைக்கு முதலில் அழுத்தம் குறைந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

வழிகாட்டுதல் இல்லையா என்று கேட்காதீர்கள். ஏராளம். மனநல ஆலோசனைக்கு வேன் விட்டார்கள்: 32 மாவட்டத்துக்கு 10 வேன். 2018இல் 14417 என்று உதவி எண் தந்தார்கள். 2022 மார்ச் 1 அன்று ‘நான் முதல்வன்’. அதே வருஷம் ‘கல்லூரிக் கனவு’. அரங்கத்தில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, திரையில் நூறு படிப்புகளின் பெயரை ஓட்டுகிறார்கள். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். திரும்பி வந்தால், எந்த குரூப்புக்கு ஆசிரியர் இருக்கிறாரோ அந்த குரூப்தான் கிடைக்கிறது. சில பள்ளிகளில் பத்தாம் வகுப்பு மார்க்கே ஜாதகம்: நிறைய வாங்கியவன் உயிரியல், கொஞ்சம் வாங்கியவன் வணிகவியல். விருப்பம் என்ன என்று கேட்க விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கும். நிரப்புவது வேறு கை.

இன்று சாயங்காலம் ஒரு காரியம் செய்யுங்கள். அட்டவணையில் ஓவியம் என்று போட்ட பீரியடைக் காட்டி, யார் வந்தார்கள் என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

கணக்கு சார் வந்தார் என்பான்.