நாலு வருஷம் கதைப்புத்தகமா?

கேள்வி: மகள் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் எடுக்கப்போகிறேன் என்கிறாள். நாலு வருஷம் கதைப்புத்தகம் படிக்க ஒரு பட்டமா? - உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: ரிச்சர்ட்சன் எழுதிய 'கிளரிசா'வை வாங்கி, மகளுக்கு முன்னால் நீங்கள் படித்துப் பாருங்கள் ஐயா. 1748இல் முழுதாக வெளிவந்து முடிந்தபோது ஏழு தொகுதி. இன்றைய ஒரே தொகுதிப் பதிப்பில் சுமார் ஆயிரத்து ஐந்நூறு பக்கம். அத்தனையும் கடிதங்கள்: கதாநாயகி எழுதுவாள், தோழி எழுதுவாள், கெடுக்க வந்தவனும் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதுவான். முடித்துவிட்டு வந்து 'கதைப்புத்தகம்தானே' என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: முதல் ஆங்கில நாவல் எது? ஒரே வரியில் சொல்லவும். - ஈசூன் வாசகர்

பதில்: ஒரே வரியில் எழுதினால் ஒரே மார்க்தான் கிடைக்கும், பரவாயில்லையா? பழக்கமான பதில் டிஃபோவின் 'ராபின்சன் குரூசோ', 1719. இல்லை, ரிச்சர்ட்சனின் 'பமேலா' (1740) என்பார் ஒரு கட்சி. அப்படியானால் 1688இலேயே 'ஒரூனோகோ' எழுதிய அஃப்ரா பென் என்ற பெண்மணியை எங்கே வைப்பது என்று மூன்றாவது கட்சி எழுந்து நிற்கும். பல்கலைக்கழகத்தில் படிப்பதே இந்தச் சண்டையைத்தான். தமிழில் நமக்குத் தொல்லை குறைவு. 1879, மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 'பிரதாப முதலியார் சரித்திரம்'. அடுத்த கேள்வி!

கேள்வி: நாவல் வரலாற்றுப் பாடத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இயன் வாட். 1957இல் எழுதிய புத்தகத்தை இன்னமுமா படிக்க வேண்டும்? - கிளமெண்டி மாணவி

பதில்: வேண்டும், திட்டுவதற்காகவாவது. 'நாவலின் எழுச்சி' பற்றிய அந்தப் புத்தகம் சொல்வது இதுதான்: பழைய கதைகளில் ஒரு ஊர் இருந்தது, ஒரு ராஜா இருந்தார். டிஃபோ வந்ததும் கதாநாயகனுக்குப் பெயர், அப்பா பெயர், பிறந்த ஊர், பிறந்த வருஷம் (குரூசோ 1632இல் யார்க் நகரில் பிறந்தவன்), கையிருப்புப் பணம் எல்லாம் வந்துவிட்டன. புதிதாகக் காசு சேர்த்த நடுத்தர வர்க்கம் தன்னைப் பற்றியே படிக்க ஆசைப்பட்டது, அச்சகம் விற்றது. டிஃபோ, ரிச்சர்ட்சன், ஃபீல்டிங் என்று மூன்று ஆண்களை வைத்தே கதையை முடித்துவிட்டார், பெண்களை மறந்தார் என்று பின்னால் வந்தவர்கள் துவைத்து எடுத்தார்கள். நியாயமான துவையல்தான்.

ஆனால் உங்கள் விரிவுரையில் இது வந்ததா? 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது இங்கே காயத்தோடு பிடிபட்ட பிரிட்டிஷ் லெப்டினன்ட்களில் ஒருவர் இந்த வாட். 1945 வரை ஜப்பானியரின் போர்க்கைதி. சயாம்–பர்மா ரயில் பாதையில் வேலை வாங்கினார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட அதே தண்டவாளம். நம் பக்கத்துக் கதையை மலேசியாவின் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவலாக எழுதினார். அதே பாதையைப் பற்றிய பிரபலமான குவாய் நதிப் பாலம் படம் வந்ததும் 1957இல்தான். அந்தப் படமும், அதற்கு மூலமான பிரெஞ்சு நாவலும் நடந்ததைத் திரித்துவிட்டன என்று வாட் பிறகு கட்டுரை எழுதினார். யதார்த்தம் என்றால் என்ன என்று பேச அந்த மனிதருக்கு யோக்கியதை இருந்தது, தங்கச்சி.

கேள்வி: படித்தால் வேலை கிடைக்குமா? - பூன் லே தாயார்

பதில்: எட்வின் தம்புவைக் கேளுங்கள். தமிழரான ஆசிரியத் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்த நம் கவிஞர். 1957இல் பட்டம் வாங்கிய கையோடு போய்ச் சேர்ந்த இடம் வருமானவரித் துறை. பிறகு மத்திய சேமநிதிக் கழகம், தொலைபேசிக் கழகம். 1966இல்தான் பல்கலைக்கழகம் உள்ளே விட்டது. 1977இல் ஆங்கிலத் துறையின் தலைவரே அவர்தான். வேலை கிடைக்கும் அம்மா, எந்த வரிசையில் என்பதுதான் தெரியாது.

கேள்வி: ஏஐ இரண்டு நிமிஷத்தில் சுருக்கம் தருகிறதே? - செங்காங் இளைஞர்

பதில்: தரும். 'தீவில் மாட்டிய ஒருவன் இருபத்தெட்டு வருஷம் கழித்துத் தப்பினான்.' உடைந்த கப்பலில் குரூசோ பணத்தைக் கண்டெடுக்கும் இடம் அதில் இருக்காது. ஆளில்லாத தீவில் நீ எதற்கு உதவுவாய் என்று அந்தப் பணத்தைப் பார்த்து நீளமாக வசனம் பேசுகிறான். பேசி முடித்து, கொஞ்சம் யோசித்து, துணியில் சுற்றிக் கூடவே எடுத்துக்கொண்டு போகிறான். முன்னூறு வருஷமாகப் பேராசிரியர்கள் சிரிப்பது அந்த ஒரு வரிக்குத்தான்.

கேள்வி: பள்ளியிலேயே இலக்கியம் படிப்பவர் குறைந்துவிட்டார்களாமே? - பெடோக் ஆசிரியை

பதில்: சாதாரண நிலைத் தேர்வில் ஆங்கில இலக்கியத்தை முழுப் பாடமாக எழுதியவர்கள் 1992இல் 16,970 பேர், 2012இல் சுமார் 3,000. பள்ளிகளுக்குத் தரவரிசை வந்ததும் மார்க் நிச்சயமில்லாத பாடம் கழற்றிவிடப்பட்டது. துணைப்பாட ஆசிரியரால் 'ஏ' உத்தரவாதம் தர முடியாத பாடம் என்பதே அது செய்த குற்றம்.

கேள்வி: ஆங்கில நாவலுக்கும் தேக்காவுக்கும் என்ன சம்பந்தம்? - தேக்கா வியாபாரி

பதில்: லிட்டில் இந்தியாவில் வடகிழக்குப் பாதை ரயில் ஏறுங்கள், நாலாவது நிலையம் உட்லி. இன்று அடுக்குமாடிகள் நிற்கும் அங்குள்ள பிடாடாரி வட்டாரம், முன்பு இடுகாடு. அங்கே புதைக்கப்பட்டவர்களில் ஒருவர் ஏ.பி. வில்லியம்ஸ். 1880இல் சிங்கப்பூரிலிருந்து ஹஜ் பயணிகளோடு புறப்பட்ட 'ஜெட்டா' கப்பலின் முதன்மை அதிகாரி. நடுக்கடலில் கப்பல் மூழ்கப்போகிறது என்று பயந்து, ஏறக்குறைய ஆயிரம் பயணிகளை விட்டுவிட்டுக் கேப்டனோடு படகில் தப்பினார். 'கப்பல் போய்விட்டது' என்று அவர்கள் ஏடனில் சொன்ன சூட்டோடு, கப்பலும் பயணிகளோடு அங்கே இழுத்து வரப்பட்டது! வில்லியம்ஸ் ஓடி ஒளியவில்லை. சிங்கப்பூருக்கே திரும்பி, கப்பல்களுக்குச் சாமான் விற்கும் நிறுவனத்தில் வேலை பார்த்துக் குடும்பம் நடத்தினார். அந்தச் சம்பவத்தைத்தான், மாலுமியாக இந்தத் துறைமுகத்துக்கு வந்துபோன ஜோசஃப் கான்ராட், 1900இல் 'லார்ட் ஜிம்' ஆக்கினார்.

கேள்வி: இந்தப் படிப்பில் ஒரு தமிழ்ப் பாத்திரமாவது வருமா? - அங் மோ கியோ வாசகி

பதில்: லாயிட் ஃபெர்னாண்டோவின் 'ஸ்கார்பியன் ஆர்கிட்' (1976) எடுங்கள். கண்டியில் பிறந்து, சிறு வயதில் சிங்கப்பூர் வந்தவர் அவர். விக்டோரியா காலத்தின் கடைசிக் கட்ட நாவல்களில் வரும் புதுமைப் பெண்களைப் பற்றி ஆய்வு நூலும் எழுதிய பேராசிரியர். கலவரம் மூண்ட 1950களின் சிங்கப்பூரில் பல்கலைக்கழக நண்பர்கள் நாலு பேர். அதில் ஒருவன் சாந்திநாதன். நாவலைக் கரைத்துக் குடித்த ஒருவர் அந்த வடிவத்தை நம் ஊருக்கு எப்படித் திருப்பிப் போட்டார் என்பது அதில் தெரியும். நூலகத்தில் தேடிப் படித்துவிட்டு எழுதுங்கள்; சாந்திநாதனைப் பற்றிய கேள்விகளுக்கு அடுத்த இதழில் முதல் இடம்.