தண்ணிக்குப் பிரச்சினையே இல்ல: வாடகை வீட்டு இலக்கணம், ஒரு முன்னோட்ட ஆய்வு

'சங்க இலக்கியத்தில் நண்டு' என்று தலைப்பு வைத்தால் நெறியாளர் கிடைப்பார். 'நண்டின் கண்' என்று வைத்தால் கருத்தரங்குக்கே கூப்பிடுவார்கள். ஆனால் நண்டு வளையைவிடச் சற்றே பெரியதும், தரகர்களால் 'டபுள் பெட்ரூம்' என்று வழங்கப்படுவதுமான கட்டட வகையைத் தேடி ஒரு குடும்பம் ஊர்விட்டு ஊர் வருவதைப் பற்றித் தமிழாய்வுலகம் இன்னும் வாய் திறக்கவில்லை. அந்தப் பெருங்குறையைப் போக்க வந்தது இக்கட்டுரை. (இக்குறை இதுவரை யாரையும் உறுத்தவில்லையே என்று கேட்கலாம். பல்கலைக்கழகங்களில் அதைத்தான் ஆய்வு இடைவெளி என்கிறார்கள்.)

ஆய்வு எல்லை: ஒரு குடும்பம், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், 17 வீடுகள். வங்கி அதிகாரியான தலைவிக்குத் திருநெல்வேலியிலிருந்து சென்னை அண்ணா சாலைக்கு மாற்றல். தலைவன் உடன்போக்கு. அகத்திணை மரபில் தலைவிதான் தலைவன் பின்னே போவாள். இங்கே திசை மாறியிருப்பதை உரைகாரர்கள் கவனிக்க வேண்டும். கூடவே எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டு வரும் மகள், எல்கேஜி வயது மகன், தலைவனின் தாயாகிய ஆச்சி. பாங்கனுக்குரிய இடத்தில் தரகர். பழைய பாங்கன் ஒரு மாத வாடகை கேட்டதாகச் சான்றில்லை. காலம் மார்கழி. மார்கழியில் வீடு பார்க்கலாம், பால் காய்ச்சக் கூடாது.

நிலத்தை ஐந்திணையாகப் பகுத்து அட்டவணை போடும் வழக்கத்தை இக்கட்டுரை மேற்கொள்ளவில்லை. நெய்தலாகிய திருவான்மியூரில் பிரிட்ஜ் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதைத் தவிர அதனால் வாடகைக்கு வருபவருக்குப் பயன் இல்லை.

பள்ளிக்கூடம்: எல்கேஜி இடம் எங்கே கிடைக்கிறதோ அதுவே ஊர். இவ்வியல் முற்றிற்று.

ஊர்ப்பெயராய்வை அப்படி ஒரு வரியில் முடிக்க முடியாது. முடித்தால் கோபித்துக்கொள்ள ஆள் இருக்கிறது. சென்னை என்ற பெயர் சென்னப்ப நாயக்கரிடமிருந்து வந்ததா, வேறெங்கிருந்தாவது வந்ததா என்ற கேள்வியில் அறிஞர்கள் இன்னும் ஒரே மேசையில் உட்கார்ந்து காபி குடிக்கும் நிலைக்கு வரவில்லை. 1996-ல் மெட்ராஸ் அதிகாரபூர்வமாகச் சென்னை ஆனபோது பெயர்ப்பலகைகள் மாறின, கட்டுரைகள் தொடர்ந்தன. இந்தச் சண்டையில் யாரும் பழவந்தாங்கலைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஐயப்பன்தாங்கலையும் பார்க்கவில்லை. தாங்கல் என்றால் பாசனத்துக்கு நீர் தேக்கிய சிறிய ஏரி. தாங்கலில் தண்ணீர் தங்கும் என்று அறியச் சொற்பிறப்பியல் அகராதி வேண்டியதில்லை. நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. மயிலாப்பூரின் நீண்ட ஏரியைத் தூர்த்து 1920-களில் தியாகராய நகரை உருவாக்கினார்கள். பக்கத்தில் மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இன்றும் இருக்கிறது. ரோடு இருக்கிறது, வியூவும் ஏதோ ஒன்று இருக்கிறது, லேக்கைத்தான் காணோம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வேளச்சேரி, முடிச்சூர்ப் பக்கம் வெள்ளம் வந்து வீட்டுக் கதவைத் தட்டியது. ('தட்டல்லாம் இல்ல, நேரா உள்ள வந்துச்சு' என்பது கீழ் போர்ஷன் பாடம்.)

இனி ஆய்வின் உயிர்நிலை.

17 வீடுகளிலும் மாறாமல் கிடைத்த ஒரே வாக்கியம் இது: "தண்ணிக்குப் பிரச்சினையே இல்ல சார்." ஓலைச்சுவடிகளில் இவ்வளவு ஒத்த பாடம் கிடைத்திருந்தால் பதிப்பாசிரியர்கள் பலர் வேலையிழந்திருப்பார்கள். ஒன்பதாவது வீட்டில் மட்டும் 'சார்' என்பதற்கு 'மேடம்' என்று பாடம். கேட்டது தலைவி என்பதால் நேர்ந்த வேறுபாடு; பொருளில் மாற்றமில்லை.

முதலில் 'தண்ணிக்கு'. இது நான்காம் வேற்றுமை. இந்தக் 'கு' உருபுக்குக் கொடை, பகை, தகுதி, பொருட்டு, முறை எனப் பல பொருள்களை நன்னூல் அனுமதிக்கிறது. உருபு எந்தச் சொல்லோடு நிற்கிறதோ அதற்கே உரியது என்று நேர்ப்பொருள் கொண்டால், பிரச்சினை இல்லாதது தண்ணீருக்கு. உண்மைதான். அது 300 அடிக்குக் கீழே யார் தொந்தரவும் இல்லாமல் நிம்மதியாகப் படுத்திருக்கிறது. குடியிருப்பவருக்குப் பிரச்சினை உண்டா என்பதை வாக்கியம் தொடவே இல்லை. பொருட்டுப் பொருள் கொள்ளும் மாடிப்படி உரைகாரர், 'தண்ணீரின் பொருட்டு இக்கட்டடத்தில் சண்டை நடப்பதில்லை' என்று எழுதுகிறார். சண்டை பைக் நிறுத்தும் இடத்தின் பொருட்டு நடக்கிறது என்பது அவரே தரும் விளக்கம். பகைப்பொருள் கொள்வோர் கீழ் போர்ஷன்காரர்கள் மட்டுமே. பாம்புக்குக் கீரி போலத் தண்ணிக்கு மேல்வீட்டார் என்கிறார்கள். (வாட்ச்மேன் இருவருக்கும் தலையாட்டினார். வாய்மொழி, கேட் அருகே.)

அடுத்து 'பிரச்சினையே'. இந்த ஏகாரம் தேற்றமா, பிரிநிலையா? தேற்றம் என்றால் உறுதி. தரகர்களும் வீட்டுக்காரர்களும் இந்தப் பள்ளியைச் சேர்ந்தவர்கள். பிரிநிலை என்றால் பலவற்றிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்தெடுப்பது. அதாவது பிரச்சினை ஒன்றுதான் இல்லை. உப்பு, துரு, வாடை, லாரிக்கு மாதாமாதம் கட்டும் பங்குப் பணம் ஆகிய மற்றவை எல்லாம் உண்டு. இசைநிறை என்று ஒதுக்குவோரும் இருக்கிறார்கள்: பொருளே கிடையாது, வாய்க்குச் சும்மா வந்தது. (அயர்ன்காரர், தெருமுனை வண்டி, சட்டைக்கும் புடவைக்கும் இடைப்பட்ட நேரம். கரி அணைந்துவிட்டதால் உரை பாதியில் நிற்கிறது.)

கடைசியில் 'இல்ல'. அறிஞர்கள் கோட்டைவிட்டது இங்கேதான். 'இல்லை' என்பது குறிப்பு வினைமுற்று. காலம் காட்டும் இடைநிலை அதில் கிடையாது. தரகர் இதைச் சொன்னது மார்கழியில், புழல் ஏரி தளும்பிக்கொண்டிருந்தபோது. வாக்கியம் மார்கழிக்கு மட்டுமா, சித்திரைக்கும் சேர்த்தா என்று அதைப் பிளந்து பார்த்தாலும் தெரியாது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டன. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கத்தில் வந்து இறங்கியது. அன்றைக்கும் 'பிரச்சினையே இல்ல' என்பது இலக்கணப்படி பிழையற்ற வாக்கியமாகவே இருந்தது. "அதையே 'மே மாசம் இருக்காது'ன்னு சொல்லுங்களேன்" என்று தலைவன் கேட்டுப் பார்த்தான். தரகருக்கு அந்நேரம் ஒரு போன் வந்தது. (இதுபற்றி விரிவாக: மூன்றாம் மாடி மாமி, 'மோட்டார் போடும் நேரமும் மனிதர்களின் சுயநலமும்', மொட்டைமாடிச் சொற்பொழிவுகள், வடகம் காயும் பகுதி, இரண்டாம் வரிசை, இதையே மறுத்து, அதே மாமி, மறுநாள் காலை, லிஃப்ட் வாசல், இரண்டையும் மறுத்து, மாமியின் கணவர், மாமி கோயிலுக்குப் போயிருந்தபோது, தாழ்ந்த குரலில், மூன்றையும் அறிந்தும் அறியாததுபோல், பால்காரர்.)

மூன்று சொல்லுக்கு இவ்வளவு உரையா என்று மலைக்க வேண்டாம். நம் உரை மரபுக்கு இது அடக்கமான அளவு. இத்தனைக்கும் நடுவே யாராவது குழாயைத் திறந்து பார்த்தார்களா என்று வெளியாள் ஒருவர் கேட்கக்கூடும். மூலபாட ஆய்வில் அதற்கு இடமில்லை.

வீட்டுக்காரர் கேட்கும் வினாவுக்கு வருவோம். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்று நன்னூல் ஆறோடு நிறுத்திக்கொண்டது. நான்காவது வீட்டில் கிடைத்த உரையாடல்:

"நீங்க எந்தப் பக்கம்?"

"திருநெல்வேலிங்க."

"திருநெல்வேலில?"

"பாளையங்கோட்டை."

"அது சரி. அங்க எந்தப் பக்கம்?"

ஊர்ப்பெயர் எத்தனை சொன்னாலும் நிறையாத இந்த வினா ஏழாவது வகை. சாதியின் பெயரை உச்சரிக்காமல் சாதியைக் கேட்பது. 'வெஜ் ஒன்லி' என்று கேட்டில் தொங்கும் பலகை பல வீடுகளில் இதன் எழுத்து வடிவம். எதிர்பார்த்த விடை வராவிட்டால் வீடு 'நேத்தே பேசி முடிச்சாச்சு' ஆகிவிடும். 'டு-லெட்' பலகை மட்டும் அடுத்த ஞாயிறும் காற்றில் ஆடும். அடுத்த ஞாயிறு ஆடியது. ஆய்வுக்குழு போய்ப் பார்த்துவிட்டு வந்தது. இவ்விடத்துக்கு வந்ததும் ஆய்வாளர்கள் 'இது சமூகவியலார் ஆராயத்தக்கது' என்று ஒரு வரி எழுதி நகர்வது மரபு. இது சமூகவியலார் ஆராயத்தக்கது.

விடைகளில் தரகர் கையாள்வது பெரும்பாலும் இனமொழி விடை. கேட்டதற்கு அல்லாமல் அதற்கு இனமான வேறொன்றுக்கு விடை சொல்வது. 'ஆடுவாயா?' என்றால் 'பாடுவேன்' என்பது பள்ளிப் பாடம். சென்னைப் பாடம் வளமானது. "மெட்ரோ வாட்டர் வருமா?" "போர் இருக்கு சார்." "லிஃப்ட்?" "காத்து பிச்சுக்கும் சார்." "மேல மொட்டைமாடியாச்சே, வெயில் இறங்குமே?" "துணி சூப்பரா காயும் மேடம்." "கரன்டு?" "சப்-மீட்டர்தான். யூனிட் எட்டு ரூபா." வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற அரசுச் சலுகை இப்படிப்பட்ட சப்-மீட்டர் வயர் வழியாகக் கீழே இறங்குவதில்லை. மின்னியல் துறை விளக்க வேண்டிய விந்தை.

பணம். சென்னை வழக்கில் அட்வான்ஸ் என்பது 10 மாத வாடகை. 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில், 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. சொல்வதற்கு முன்னால், வேறு உடன்பாடு இருந்தாலொழிய என்று ஒரு சிறு சொற்றொடரையும் வைக்கிறது. மொத்த நகரமும் அந்தச் சொற்றொடரில்தான் குடியிருக்கிறது. 11 மாத ஒப்பந்தம் என்பதும் இப்படியொரு தொல்லெச்சம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிய வேண்டும் என்றது 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதற்குக் கீழே குனிந்து போக வந்தது இந்த 11. புதிய சட்டம் எல்லா வாடகை ஒப்பந்தத்தையும் எழுதிப் பதியச் சொன்ன பிறகும் அது குனிந்தே நடக்கிறது.

ஆய்வு நெறிக்குப் புறம்பான ஒரு குறுக்கீட்டையும் நேர்மை கருதிப் பதிய வேண்டியிருக்கிறது. ஆச்சி தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்தவர். தண்ணீர் எப்படி என்று யாரிடமும் கேட்க வேண்டிய தேவை அவருக்கு வந்ததில்லை. தரகர் பேசத் தொடங்கியதும் அவர் அடுக்களைக்குள் போய்விடுவார். குழாயைத் திறப்பார். கையில் பிடித்து முகர்வார். மடியில் முடிந்து கொண்டுவந்த சோப்புத் துண்டைத் தேய்த்து நுரை வருகிறதா என்று பார்ப்பார். புதிதாகச் சுண்ணாம்படித்த சுவரில் முழங்கால் உயரத்தில் விரலை ஓட்டி, பழைய வெள்ளத்தின் கோடு தட்டுப்படுகிறதா என்று தடவுவார். பிறகு பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்பார். "ஏ தாயி, இங்க துவரம்பருப்பு வேகுதா?"

"எங்கம்மா, ரெண்டு விசில் கூட வைக்கணும். குடிக்க கேன்தான். மே மாசம் லாரி."

வேற்றுமை உருபு, ஏகாரம், குறிப்பு வினை எதையும் அவர் விசாரிக்கவில்லை. மேற்கோள், அடிக்குறிப்பு இல்லை. மாதிரி அளவு ஒரே ஒரு அண்டைவீட்டுப் பெண். இந்த முறையில் 16 வீடுகள் தள்ளுபடியாயின. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் இதை ஏற்கமாட்டார்.

17-வது வீடு நங்கநல்லூரில். பருப்பு வேகிறது, சோப்பு நுரைக்கிறது, சுவரில் கோடு இல்லை, எல்கேஜி நடக்கும் தூரம், வாடகை நினைத்ததைவிட 3,000 ரூபாய் அதிகம். ஆச்சி தலையசைத்தார். தை பிறந்து நான்காம் நாள் பால் பொங்கியது. வீட்டுக்காரர் சாவியைத் தலைவியின் கையில் கொடுத்துவிட்டு, "ஒரே ஒரு விஷயம் மட்டும்..." என்று தொடங்கினார். அந்த நேரம் பார்த்து மாடிப்படிக்கு அடியில் யாரோ மோட்டாரைப் போட்டார்கள். வாக்கியத்தின் எஞ்சிய பகுதி கிடைக்கவில்லை. நடுவில் 'தண்ணிக்கு' என்ற ஒரு சொல் மட்டும் கேட்டதாக மகள் சொல்கிறாள். நான்காம் வேற்றுமைதான் என்று தலைவன் உறுதிப்படுத்துகிறான்.