கடலோரப் பசைத் தேர்வு: ஓர் ஆராய்ச்சி

கணினியின் பிராசசருக்கும் அதன் தலைமேல் அமரும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவப்படும் தெர்மல் பேஸ்ட், கடுகளவு பொருள்; அதைப் பற்றிய வழக்கோ ஒரு தலைமுறைப் பட்டிமன்றங்களுக்குக் காணும். நடுவில் புள்ளி வைப்போர், கோடு இழுப்போர், பெருக்கல் குறி போடுவோர், காலாவதியான ஏடிஎம் கார்டால் வழித்துப் பூசுவோர் என நான்கு மதங்கள் உண்டு. நான்கு திருகுகளை இறுக்கியதும் நான்கும் ஒரே மெல்லிய படலமாகிவிடுவதால் அந்த வழக்கை இங்கே எடுக்கவில்லை. எஞ்சுவது, எந்த பேஸ்ட்டை வாங்குவது என்ற கேள்வி. தொண்டி முதல் தனுஷ்கோடி வரையிலான கரையில் அக்கேள்விக்குச் செலவிடும் கவலை வீண் என்பதே இவ்வாய்வின் துணிபு.

ஏது வருமாறு. கண்ணுக்கு வழவழப்பான உலோகமும் நுண்ணோக்கியில் மேடுபள்ளம்தான். பள்ளத்தில் தங்கும் காற்றின் வெப்பக் கடத்துதிறன் வெறும் 0.026, நடுத்தர பேஸ்ட்டுக்கு 4, விலையுயர்ந்ததற்கு 8 என்று கொள்வோம். 65 வாட் பிராசசர், 9 சதுர சென்டிமீட்டர் பரப்பு, 50 மைக்ரான் இடைவெளி எனக் கணக்கிட்டால், இடைவெளி முழுக்கக் காற்றாயின் இருபுறத்துக்கும் வெப்ப வேறுபாடு சுமார் 139 டிகிரி. நடுத்தர பேஸ்ட்டில் அது 0.9; உயர்ந்ததில் 0.45. உலோக முனைகள் ஆங்காங்கே தொட்டுக்கொள்வதால் காற்றின் கொடுமை நிஜத்தில் இவ்வளவு இராது; ஆனால் தீர்ப்பு மாறாது. பேஸ்ட் இல்லாதவன் அழிவான். மலிவானதைப் பூசியவன் இழப்பது அரை டிகிரிக்கும் குறைவு. மார்கழி விடியலுக்கும் கத்திரி உச்சிவேளைக்கும் இடையே ராமநாதபுரத்து அறைக்காற்று ஏறும் பத்து டிகிரிக்கு முன் அதை யார் பொருட்படுத்துவார்?

அப்படியானால் பேஸ்ட்டை விட்டு காலியம் கலந்த திரவ உலோகத்துக்குப் போகலாமே என்பர் சிலர். தூய காலியம் 29.76 டிகிரியில் உருகுவது. இம்மாவட்டத்தில் அதற்கு அடுப்பு வேண்டாம், அலமாரி போதும். உருகுவதைக்கூட மன்னிக்கலாம். அது அலுமினியத்தை அரித்து நொறுங்கச் செய்யும்; மலிவு ஹீட்சிங்குகளோ பெரும்பாலும் அலுமினியம். பற்பசையே போதும் என்னும் சிக்கனக்காரர்க்கு விடை சுருக்கமானது: அதிலுள்ள நீர் காய்ந்ததும் பழைய காற்று திரும்பிவிடும்.

உப்புக்காற்று மலிவு பேஸ்ட்டைத் தின்றுவிடாதா என்பது கனமான ஆட்சேபம். 1914இல் திறந்த பாம்பன் பாலத்தையே அரித்த காற்று அது. எனினும் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் இரும்பைக் காக்கப் பூசியது பாலிசிலாக்ஸேன் பூச்சு; சாதாரண பேஸ்ட்டின் அடிப்படையான சிலிகோன் எண்ணெயும் அதே வேதியியல் குலம். ரயிலைச் சுமக்கும் பாலம் நம்பிய குலத்தை, ஜாதகம் அச்சடிக்கும் கணினி சந்தேகிப்பது மிகை.

உப்பு தன் வேலையை வேறிடத்தில் காட்டுகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். இக்கரையில் அது அன்றாட நிலை. அந்த ஈரத்தில் தூசி குழைந்து ஹீட்சிங்கின் தகடுகளுக்கிடையே அப்பிக்கொள்கிறது. விசிறி சுழலும்; காற்று போகாது. அரை டிகிரிக்காக ஆயிரம் ரூபாய் தரத் துணிந்தவர், அதில் ஒரு சிறு பங்குக்குப் பெயின்ட் பிரஷ் வாங்கி மாதமொருமுறை அத்தகடுகளைத் துடைப்பாராயின், மீதிப் பணத்துக்கு என்ன வாங்குவது என்பது அடுத்த ஆய்வுக்குரிய பொருளாகும்.