பதினொரு மாத ஆண்டு: புதுச்சேரி சிங்கிள் பெட்ரூம் வீடுகள் பற்றிய காலவியல் ஆய்வு

புதுச்சேரித் தெருக்களை ஆராயாதவர் குறைவு. டச்சுக்காரர் 1690களில் கோடு போட்ட கட்டங்கள், பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே தமிழர் நகரம், நீலப் பலகையில் இரு மொழித் தெருப்பெயர் என அத்தனையும் ஆய்வேடுகளாகிவிட்டன. அத்தெருக்களில் மாதச் சம்பளக்காரர் ஒருவருக்கு ஒரு சிங்கிள் பெட்ரூம் கிடைக்குமா என்று மட்டும் எவரும் ஆராயவில்லை. ஆய்வாளர்கள் விருந்தினர் விடுதியில் தங்கி வெள்ளிக்கிழமை மாலையே ஊர் திரும்பிவிடுவது காரணமாகலாம். அந்த இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை. (இடைவெளி உண்டென்று முதலில் நிறுவிவிட்டால் பிறகு எதைப் போட்டு நிரப்பினாலும் பட்டம் உண்டு.)

வரையறை: கதவுள்ள ஓர் அறை, கதவில்லாத ஓர் அறை, ஒருவர் நுழைந்தால் இன்னொருவர் வெளியே வர வேண்டிய ஓர் அறை. இவை முறையே பெட்ரூம், ஹால், கிச்சன் எனப்படும்.

வரலாற்றுப் பின்புலம் இல்லாமல் தமிழில் தேங்காய்ச் சட்னி பற்றிக்கூட எழுத முடியாது என்பதால் அதுவும் இங்கே உண்டு. 1908இல் வந்த பாரதி 1918 வரை இவ்வூரில் வாடகைக்கே குடியிருந்தார். 1910 ஏப்ரலில் வந்த அரவிந்தர், சங்கரச் செட்டியார் வீட்டு மாடியில் ஆறு மாதம்போல இருந்துவிட்டு, வீடு மாறி வீடு மாறி 1913இல்தான் பிரான்சுவா மர்த்தேன் வீதியில் நிலைத்தார். இருவரின் தத்துவத்துக்கும் அலமாரி அலமாரியாக ஆய்வு இருக்கிறது. அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்ட முனைவரைக் காணோம். பாரதியின் வீட்டுக்காரருக்கு விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று பெயர். வாடகை கேட்க வருவார், பாட்டைக் கேட்பார், வந்த காரியத்தைச் சொல்லாமலே எழுந்து போவார் என்று பாரதி வரலாறு சொல்கிறது. இவ்வினம் அற்றுப்போய்விட்டது. ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி குடியிருந்த வீடு இன்று நினைவு இல்லமும் ஆய்வு மையமும் ஆகியிருக்கிறது. அங்கே ஆராயலாம், குடியிருக்க முடியாது.

இன்றைய ஓனர்கள் மூவகையர். முதல்வகை மாடியில் இருப்பவர். மோட்டார் சுவிட்ச் அவர் வீட்டுக்குள் இருக்கும். இரண்டாம்வகை, பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் சனி ஞாயிறுக்கு வருவோருக்கு நாள் வாடகைக்கு விட்டால் என்ன தேறும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டவர். இவரிடம் நாம் பேசப்போவதில்லை, அவரும் நம்மிடம் பேசப்போவதில்லை.

மூன்றாம்வகை பிரான்சில் இருப்பவர். 1962 ஆகஸ்ட் 16இல் இந்தியாவுடனான இணைப்பு சட்டப்படி நிறைவேறியபின், ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்த குடும்பங்களும், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பங்களும் இதில் அடங்கும். இவர்களுடைய வாடகைக்காரர்கள் வானியல் அறிந்திருக்க வேண்டும். நம் கடிகாரம் பிரான்சைவிடக் கோடையில் மூன்றரை மணியும் குளிர்காலத்தில் நாலரை மணியும் முந்தி ஓடுகிறது. அங்கே எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு ஓனர் வாட்ஸாப்பில் வந்தால் இங்கே கோடையில் பதினொன்றரை, குளிர்காலத்தில் பன்னிரண்டரை. ஆக, வாடகைக்காரரின் தூக்கம் மார்ச் கடைசி ஞாயிறன்று ஒரு மணி நேரம் கூடி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று அதே அளவு குறைகிறது. (காண்க: மூன்றாம் மாடி வாடகைக்காரர், 'கொட்டாவிக் குறிப்புகள்', படிக்கட்டுப் பதிப்பு.)

அட்வான்ஸ் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2021இல் மத்திய அரசு வகுத்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்கிறது. இதைப் புரோக்கரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் வண்டியை ஓரங்கட்டி, என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வீடு கேட்டதும் வரும் "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியைச் சமூகவியல் துறையினருக்கு விட்டுவிடுகிறேன். அவர்களும் இதுவரை யாருக்கோ விட்டு வைத்திருக்கிறார்கள்.

இனி கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். பதிவென்றால் செலவு. எனவே நாடு முழுவதும் வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்கே எழுதப்படுகிறது. இதை வெறும் சிக்கனம் என்று நினைப்போர், ஒப்பந்தத்தைப் பஞ்சாங்கத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவர்கள்.

தமிழர் வீடு மாற உகந்த மாதங்கள் தையும் ஆவணியும். மாறக்கூடாத மாதங்கள் மார்கழியும் ஆடியும். தையில் பால் காய்ச்சியவரின் ஒப்பந்தம் 11 மாதம் ஓடி கார்த்திகைக் கடைசியில் முடியும். அடுத்த நாள் மார்கழி! ஆவணியில் குடிபுகுந்தவரின் ஒப்பந்தம் ஆனிக் கடைசியில் முடியும். அடுத்த நாள் ஆடி! வாடகைக்காரர் நகர முடியாத நாளாகப் பார்த்து ஓனர் புது வாடகையைச் சொல்கிறார். வெள்ளைக்காரன் சட்டமும் நம் பஞ்சாங்கமும் கைகோத்து வேலைசெய்யும் இடம் வேறெங்கும் உண்டா என்று தேடினேன், அகப்படவில்லை. (ஒப்புநோக்குக: சாரம் வட்டாரப் புரோக்கர், வாய்மொழி, ஸ்கூட்டர் பின்னிருக்கைப் படி. லாஸ்பேட்டை விமானத்தளம் தாண்டியதும் காற்றில் சில சொற்கள் சிதைந்துள்ளன.)

இதன் கிளைத்தேற்றம் இன்னும் கொடியது. மார்கழியில் வேறு வழியின்றிப் புதுப்பித்தால் அடுத்த முடிவு ஐப்பசிக் கடைசி. கார்த்திகையில்தான் விடுதலை. ஆகவே தையில் புகுந்தவருக்குக் குறைந்தபட்சத் தண்டனை 22 மாதம். ஆவணியில் புகுந்தவர் இரண்டாம் முறை ஆனியில் வெளியேறலாம். ஆனால் ஆனியும் ஆகாது என்னும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு வைகாசிதான், 33 மாதம். (இம்முடிவை ஆதரிப்பது: குழாயடி ஆயா, 'தண்ணி வர்ற வரைக்கும்' உரை, முத்தியால்பேட்டை மரபு. மறுப்பது: எதிர்வீட்டு ஆயா, அதே குழாய், அடுத்த குடம். இரண்டையும் இணைத்து வெளியிட முயன்ற பதிப்பாசிரியர் மீது கொட்டிய நீரால் இரண்டாம் பத்தி அழிந்தது. எஞ்சியதை வைத்து இரு பல்கலைக்கழகங்கள் இரு வேறு காலங்களை நிறுவி, ஒன்றையொன்று மேற்கோள் காட்டி, இரண்டும் பதவி உயர்வு பெற்றன.)

ஆங்கிலத் தேதிக்கும் தமிழ்த் தேதிக்கும் நடுவே கிடக்கும் அரை மாதத்தை இங்கே மறந்துவிடலாகாது. தை பிறப்பது ஜனவரி நடுவில். நல்ல நாள் பார்க்கத் தமிழ் மாதமும், வாடகை எண்ண ஆங்கில மாதமும் கொள்வது ஓனர் மரபு. இதனால் விளையும் அரை மாத வாடகையைப் பஞ்சாங்கக் கணிதர் எவரும் கணக்கில் எடுக்கவில்லை, ஓனர் எடுக்கத் தவறியதில்லை.

தப்பிக்கும் வழி ஒன்றுண்டு. மார்கழியிலேயே குடிபோய்விட்டால் ஒப்பந்தம் ஐப்பசியில் முடியும், கார்த்திகையில் தாராளமாகக் கிளம்பலாம். கணிதப்படி குறையில்லை. முதலியார்பேட்டையில் ஒரு வீட்டு வாசலில், மார்கழிக் கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நின்று இதைப் பரிசோதித்தேன். வீட்டுக்கார அம்மா வாடகையைச் சொல்லவில்லை, அட்வான்ஸைச் சொல்லவில்லை, வீட்டைத் திறந்தும் காட்டவில்லை. உள்ளே திரும்பிக் கணவரிடம் சொன்னார்: "மார்கழியில வீடு கேட்டு வந்திருக்காரு. இருந்த வீட்ல என்ன பண்ணாரோ தெரியலையே!"