அர்த்தம் அநாவசியம்

ஆங்கிலத்தில் 'க்யூ' என்னும் எழுத்து, 'யூ' என்னும் பரிசாரகன் உடன்வராமல் வாசற்படி தாண்டாத ஜமீன்தாரைப் போன்றது. ஆகையால்தான், 1930-களின் பொருளாதார மந்தத்தில் உத்தியோகம் இழந்த கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், பத்திரிகையில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறதென்று எண்ணி, எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும், பின்னாளில் 'ஸ்க்ராபிள்' எனப் பெயர்பெற்ற ஆட்டத்தை வகுத்தபோது, 'க்யூ'வுக்கு ஒரே கட்டையும் 10 புள்ளிகளும் அளித்துக் கௌரவித்தார்.

பரிசாரகனின்றி ஜமீன்தாரை வெளியே அழைத்துவர விரும்பிய ஆட்டக்காரர்கள், அகராதியைக் குடைந்து, அல்பேனியாவின் சில்லறைக் காசு, ஏமன் நாட்டார் மெல்லும் இலை, சீனரின் பிராணசக்தி ஆகியவற்றின் பெயர்களையெல்லாம், அவை காசா, இலையா, சக்தியா என்ற விசாரமே இல்லாமல் மனனம் செய்துகொண்டார்கள்.

சொல்லுக்குப் பொருள் வேண்டும் என்ற மூடநம்பிக்கையின் மிச்சத்தையும், நியூசிலாந்தில் பிறந்த நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு மொழியில் பேசத் தெரியாமலே, அதன் சொற்பட்டியலை உருப்போட்டு 2015-இல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் பட்டத்தையும், 2024-இல் ஸ்பானிஷ் பட்டத்தையும் வென்று நிர்மூலமாக்கிவிட்டார்.

ஆதலின், பொருளற்ற சொற்களை மணிக்கணக்கில் பொழியும் மேடைப் பிரசங்கிகளை இனியும் பரிகசிப்பது தர்மமன்று. அவர்களும் சாம்பியன்களே, பக்கத்தில் அமர்ந்து புள்ளி எழுதத்தான் ஆளில்லை.