கட்டில் ஒன்று, உயிர் இரண்டு

கே: கொரோனா நேரத்தில் நாக்பூரில் 85 வயதுப் பெரியவர் தன் படுக்கையை இளையவருக்கு விட்டுக்கொடுத்தாராமே! நம்ம ஊர்ப் பெருசுகள் செய்வார்களா? (வாசகர், பாகூர்)

ப: பந்தியிலேயே கடைசியாக உட்காருகிறவர்கள் நம் ஆயாக்கள். கேட்டால் உடனே எழுந்துவிடுவார்கள். அதனால்தான் கேட்கக் கூடாது! 2021 ஏப்ரலில் அந்தச் செய்தி வந்தபோது நாடே கைதட்டியது. நடந்தது அதுதானா என்று சர்ச்சையும் எழுந்தது. என் கேள்வி வேறு. ஒரே கட்டிலுக்கு இரண்டு பேரைப் போட்டியிட வைத்தது யார்?

கே: நிஜமாகவே வென்டிலேட்டர் ஒன்றுதான் இருந்தால்? (வாசகி, வில்லியனூர்)

ப: யார் பிழைப்பார் என்று டாக்டர் பார்க்கட்டும், ஆதாரில் பிறந்த தேதியை அல்ல. 2020 மார்ச்சில் இத்தாலிய மயக்கவியல் மருத்துவர் சங்கம், ஐசியுவுக்கு வயது வரம்பு வைக்க நேரலாம் என்றது. 2021-இல் வந்த புதிய நெறிமுறையோ, வயதை மட்டும் வைத்துக் கோடு கிழிக்கக் கூடாது என்றது.

விருப்பத்தோடு கொடுத்தால்தான் தியாகம். வீட்டுக்குப் பாரமாகிவிட்டோமே என்று கூசிக் கொடுப்பது தியாகமில்லை. “என்னை விடுங்க, புள்ளைங்களைப் பாருங்க” என்று உங்கள் ஆயா சொன்னால், அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் கோரிமேடு ஜிப்மருக்கு வண்டி ஏற்றுங்கள்.