எவர்கிரீன் அண்ணாச்சி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் எங்கள் பாளையங்கோட்டைத் தெருவில் அண்ணாச்சியின் செருப்புச் சத்தம் கேட்கும். ரிசல்ட் வந்த வீடு எது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் கிடக்கும் அந்நியச் செருப்புகளை எண்ணியே கண்டுபிடித்துவிடுவார்.

"கட் ஆஃப் எவ்வளவு வருது?"

உட்கார்வதற்கு முன்பே கேள்வி. பிள்ளை போனைத் தேடுவதற்குள் அவரே மனக்கணக்காகப் போட்டுவிடுவார். கணக்கு மார்க் அப்படியே, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் பாதி பாதி, ஆக மொத்தம் 200-க்கு. "நூத்தி எழுபத்தெட்டரை... ம்." அந்த 'ம்'-மில், அதுவரை சிரித்துக்கொண்டிருந்த குடும்பம் ஜாங்கிரியைக் கீழே வைத்துவிடும்.

அண்ணாச்சி அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பொறியியல் கல்லூரியில் ஒரு நாளும் படித்ததில்லை. அதனால் என்ன? 2001-இல் ஐ.டி. கம்பெனிகள் ஆட்டம் கண்டபோது, "மெக்கானிக்கல்தான் எவர்கிரீன்" என்றார். 2008-இல் அமெரிக்காவில் வங்கி கவிழ்ந்ததும் சிவில் எவர்கிரீன் ஆனது. பிறகு கம்ப்யூட்டர் சயன்ஸ். போன வருஷம் செயற்கை நுண்ணறிவு. அவருடைய எவர்கிரீன் நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை இலையுதிர்க்கும்.

கல்லூரியை எடைபோடவும் தனி அளவுகோல் வைத்திருக்கிறார். நுழைவாயில் வளைவு எத்தனை அடி, காலையில் வண்ணார்பேட்டை வழியாக அதன் பஸ் எத்தனை போகிறது, வேலை கிடைத்தவர்கள் படம் போட்ட ஃப்ளெக்ஸில் எத்தனை தலை! அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தை நான் ஒருமுறை காட்டினேன். "இது பேப்பர் கணக்கு" என்று ஓரமாக வைத்துவிட்டார். வாழ்நாள் முழுக்கப் பேப்பர் கணக்கு எழுதியவர்!

2017 வரை அவருக்கு ராஜ வாழ்க்கை. கலந்தாய்வுக்கு நேரில் போக வேண்டும் என்பதால், தெருப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிக் கிண்டிக்குப் போவார். 2018-இல் எல்லாம் ஆன்லைன் ஆனபோது மனிதர் ஒரு மாதம் தாடி வளர்த்தார். அப்புறம் பிரவுசிங் சென்டரில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

அங்கேதான் நான் அவருடைய இன்னொரு முகத்தைப் பார்த்தேன். மார்க்கெட்டில் பூக்கட்டி விற்கும் அம்மா, மகளோடு தயங்கி நின்றார். பீஸ் கட்ட வழியில்லை, சும்மா விசாரிக்கலாம் என்று வந்தாராம்.

"ஏளா, ஆறாங்கிளாஸ்லேர்ந்து எங்க படிச்ச?"

"கவர்ன்மெண்ட் ஸ்கூல், தாத்தா."

"பொறவென்ன? ஏழரை சதவீத ஒதுக்கீட்டுல வருவ. அதுல சீட்டுக் கிடைச்சா பீஸெல்லாம் கவர்மெண்டே கட்டும். உக்காரு."

விருப்பப் பட்டியல் போடுவதில் அன்று அவர் நடத்திய பாடத்தை எந்தக் கட்டண ஆலோசகரும் நடத்த மாட்டார். "ஆசைப்பட்ட காலேஜ மேல போடு. போன வருஷ கட் ஆஃபப் பாத்துப் பயந்து கீழ தள்ளாத. மேல உள்ளது கிடைச்சிட்டா கீழ உள்ளத மெஷின் திரும்பிப் பாக்காது. எத்தன வேணாலும் போடலாம், கை வலிச்சா வலிக்கட்டும். பேரப் பாக்காத, காலேஜ் கோடு நம்பரப் பாரு. ஒரே சாமி பேர்ல எத்தன காலேஜ் இருக்குன்னு அந்தச் சாமிக்கே தெரியாது."

அன்றிலிருந்து என் தீர்ப்பு இதுதான்: எந்தக் கல்லூரி என்று அவர் சொன்னால் காதில் வாங்காதீர்கள். எப்படிப் பட்டியல் போடுவது என்று சொன்னால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கெல்லாம் சீட்டு வாங்கிக் கொடுத்தவருடைய பேரன் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தான். தாத்தாவிடம் மூச்சு விடாமல் வேளாண் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்து, கிள்ளிகுளம் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். அண்ணாச்சி இரண்டு நாள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, காப்பியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு ஆரம்பித்தார்.

"ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோங்க. இனிமே அக்ரிதான் எவர்கிரீன்."

உங்கள் வீட்டில் அடுத்த வருஷம் பிளஸ் டூ பிள்ளை இருந்தால், காப்பித்தூள் கால் கிலோ கூடுதலாக வாங்கி வையுங்கள்.